முக்கால் பச்சை

மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பையனுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். உன் முட்டி வலிக்கு ஒழுங்காக டாக்டரைப் பார், தாடிக்காரர் சொல்கிற எண்ணெயை எல்லாம் தடவிக்கொண்டு உட்காராதே. எண்ணெய் விவகாரத்தை என்னிடம் விட்டுவிடு.

ஆமாம், இப்போது நான் முழுநேர எண்ணெய்க்காரன். ஆமணக்கெண்ணெயிலிருந்து பாலியூரிதேன் என்கிற பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாகச் செய்துகொண்டிருக்கிறேன். 1937இல் ஓட்டோ பாயர் காட்டிய வழி அப்படியேதான் இருக்கிறது: ஐசோசயனேட் என்கிற துடிப்பான ரசாயனமும், பல ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் உள்ள பாலியாலும் சேர்ந்தால் யூரிதேன் பிணைப்பு. பாலியால் மட்டும் பெட்ரோலியத்துக்குப் பதில் விதையிலிருந்து வருகிறது. ஆமணக்கு இதற்கென்றே பிறந்தது போல. அதன் கொழுப்பமிலத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம், அதன் 12ஆவது கார்பனில் ஹைட்ராக்சில் தயாராக இருக்கிறது. சோயா எண்ணெய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெராக்சைடும் ஃபார்மிக் அமிலமும் சேர்த்து இரட்டைப் பிணைப்புகளை எபாக்சைடு என்கிற ஆக்சிஜன் வளையங்களாக்கி, அவற்றை மெத்தனால் கொண்டு திறந்த பிறகுதான் ஹைட்ராக்சில் வரும். சூடு கிளம்பும் வினை என்பதால் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். உன் பொறுமைக்கு அது ஆகாது.

முதல் எதிரி ஈரம். எண்ணெயை வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்தாவிட்டால், தண்ணீர் ஐசோசயனேட்டோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை விடும், படலம் முழுக்கக் குமிழிதான். நுரை செய்கிறவனுக்கு அது வரம், எனக்குத் தலைவலி. நன்றாக உலர்த்தி ஊற்றியது தேன் நிறத்தில், கண்ணாடி போல வந்திருக்கிறது. மடித்தால் மடிகிறது, விட்டால் மெதுவாக நிமிர்கிறது. எஃப்டிஐஆர் என்கிற அகச்சிவப்புக் கருவியின் வரைபடத்தில், 2270 அலைஎண்ணில் நிற்கிற ஐசோசயனேட் முகடு போகப்போகக் குட்டையாவதைப் பார்ப்பதில் ஒரு போதை இருக்கிறது. ஆமணக்கின் ஹைட்ராக்சில் இரண்டாம்நிலை ஆயிற்றே, சரியான சோம்பேறி. டின் வினையூக்கி இல்லாமல் அசைவேனா என்கிறது.

படலம் ஏன் இவ்வளவு மென்மை என்று கேட்பாய். 12ஆவது கார்பனில் பிணைப்பு விழுந்த பிறகு, மிச்சமுள்ள ஆறு கார்பன் வால் எதையும் பிடிக்காமல் சும்மா தொங்குகிறது. பாரம் சுமக்காது, ஆனால் பக்கத்துச் சங்கிலிகளை விலக்கி இளக்கிவிடும். துண்டை டொலுயீனில் ஊறப்போட்டு, எடை பார்த்து, உலர்த்தி மறுபடி எடை பார்த்தால் எவ்வளவு வீங்கியது, எவ்வளவு கரைந்து போனது என்பது தெரிந்துவிடும். வலை எவ்வளவு நெருக்கம் என்பதை அதிலிருந்தே கணக்கிடலாம். லட்சக்கணக்கில் விலை வைத்த கருவிகளைவிட இந்தப் பழைய சோதனைமேல்தான் எனக்கு நம்பிக்கை.

சரி, எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். மேலிடத்தில் விளம்பரத் தாள் தயார் செய்தார்கள்: "முழுக்க முழுக்கத் தாவரம், முற்றிலும் பாதுகாப்பு". எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணக்கைப் பார். என் எண்ணெயில் எவ்வளவு ஹைட்ராக்சில் என்று காட்டும் ஹைட்ராக்சில் எண் 164, அப்படியென்றால் சமான எடை, அதாவது ஒரு ஹைட்ராக்சிலுக்கு விழும் எடை, 342. நான் சேர்க்கிற ஐசோசயனேட்டான எம்டிஐயின் சமான எடை 125. ஒரு ஹைட்ராக்சிலுக்கு ஒரு ஐசோசயனேட் தொகுதி என்று கலந்தால் எடையில் 73 சதவீதம்தான் ஆமணக்கு. மீதி பென்சீனில் தொடங்கி, அனிலீனாகி, பாஸ்ஜீன் வழியாக வந்தது. முதல் உலகப்போரில் ஆட்களைக் கொன்ற அதே பாஸ்ஜீன்தான்.

முக்காலை முழுசு என்று விற்பது வியாபாரிகளின் வழக்கம், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பயமெல்லாம் "பாதுகாப்பு" என்கிற சொல்லில்தான். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் நச்சு ஆவியை இழுக்கும் புகைபோக்கிக் கூண்டுக்கு வெளியே, கையுறைகூட இல்லாமல் கலக்கிக்கொண்டிருந்தான். அதட்டினால், "செடி எண்ணெய்தானே சார்" என்று சிரிக்கிறான். குப்பியின் மறு பாதியில் என்ன இருக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. உடம்புக்கு ஐசோசயனேட் ஒவ்வாமை வந்துவிட்டால், அப்புறம் துளி ஆவி பட்டாலே மூச்சு இழுக்கும். அந்த வேலையே அவனுக்கு முடிந்தது. ஐரோப்பாவில் 2023 ஆகஸ்டிலிருந்து, 0.1 சதவீதத்துக்கு மேல் டைஐசோசயனேட் உள்ள சரக்கைத் தொழிலில் கையாளப் பயிற்சி கட்டாயம். இங்கே நாம் தாளில் இலைப் படம் போடுகிறோம்! கத்தித் தீர்த்துவிட்டேன். "பாதுகாப்பு" போய்விட்டது, "முழுக்க முழுக்க" இன்னும் இழுபறியில் இருக்கிறது.

ஐசோசயனேட்டே வேண்டாம் என்றால் வேறு வழி உண்டு. எபாக்சைடாக்கிய எண்ணெயில் கார்பன் டை ஆக்சைடை ஏற்றி வளையக் கார்பனேட்டாக்கி, அமீனோடு சேர்க்கலாம். ஆனால் வினை ஆமை வேகம். போதாததற்கு அமீன், எண்ணெயின் எஸ்டரையும் கடித்து அமைடாக்கிவிடுகிறது. அப்படியும் அதில் இறங்கலாம் என்றிருக்கிறேன். "கிழவனுக்கு எதற்கு இந்த வேலை" என்று நீ முனகுவது கேட்கிறது, முனகிக்கொள்.

துண்டை ஆட்டி ஆட்டி விறைப்பை அளக்கும் உன் டிஎம்ஏ கருவி சும்மாதானே கிடக்கிறது? ஆமணக்குப் படலத் துண்டுகளை அனுப்புகிறேன். மைனஸ் 60இலிருந்து 120 டிகிரி வரை, 1 ஹெர்ட்சில் ஓட்டிவிடு. அதிர்வை எவ்வளவு விழுங்குகிறது என்று காட்டும் டேன் டெல்டா முகடு கூராக வருகிறதா, அகலமாகப் பரவுகிறதா என்று பார்த்து எழுது. காசெல்லாம் கேட்காதே.

உன்,
எண்ணெய்க்காரன்