நின்றால் சரியாகிவிடும் வலி

அன்புள்ள ராஜு,

கடிதமும் பேத்தியின் காதுகுத்துப் படங்களும் வந்தன. மொட்டையடித்ததும் குழந்தை அப்படியே உங்கப்பா ஜாடை! சரஸ்வதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதெல்லாம் சரி, கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்த அவசரப் பதில். கடைத்தெரு வரை நடந்தால் கெண்டைக்கால் இழுக்கிறது, கொஞ்சம் நின்றால் விட்டுவிடுகிறது, மறுபடி நடந்தால் மறுபடி இழுக்கிறது, வயசாகிவிட்டது என்கிறாய். வயசு மேல் பழி போடாதே. இடுப்பு நரம்புக் கோளாறு என்றால் பெரும்பாலும் உட்கார்ந்தால் அல்லது குனிந்தால்தான் வலி குறையும். நடக்கும்போது வந்து, சும்மா நின்றாலே சில நிமிடத்தில் அடங்குகிறது என்றால் ரத்தக்குழாயைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிந்து வழி குறுகிவிட்டால், நடக்கிற தசை கேட்கும் ரத்தம் போய்ச் சேராது. உனக்கோ சர்க்கரை வேறு, ஹாஸ்டலில் தொடங்கிய சிகரெட் வேறு.

என் மச்சினனுக்கு இந்த வலிகூட இல்லை. சர்க்கரையால் பாதம் மரத்துக் கிடந்தது, தவிர அவன் தெருமுனைக்கே ஸ்கூட்டரில் போகிற ஆள். போன மாதம் ஒரு டாக்டர் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தின் மேல்புறத்திலும் உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னாலும் விரல் வைத்துப் பார்த்தார். இடது காலில் துடிப்பே சரியாகத் தெரியவில்லை. (சர்க்கரைக்கு மாதாமாதம் சீட்டு எழுதுகிறவர்களில் பலர் மேஜைக்குக் கீழே குனிந்து பார்ப்பதே இல்லை.)

உடனே படுக்க வைத்தார்கள். இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பிரஷர் பட்டை கட்டி, ஜெல் தடவி, பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவியை வைத்ததும் 'உஷ், உஷ்' என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. பட்டையை இறுக்கினால் சத்தம் நிற்கும், தளர்த்தும்போது எந்த அளவில் திரும்ப வருகிறது என்று குறிக்கிறார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. கையில் 140, இடது கணுக்காலில் 98. வகுத்தால் 0.7. ஒன்றும் அதற்குச் சற்று மேலும் இருந்தால் நல்லது, 0.9 அல்லது அதற்குக் கீழே போனால் அடைப்பு. 1.4-ஐத் தாண்டினாலும் சந்தோஷப்படக் கூடாது. சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய்ச் சுவர் சுண்ணாம்பேறி விறைத்துப்போய், பட்டைக்கு அமுங்காமல் எண்ணை ஏற்றிக் காட்டும். அப்போது கால் கட்டைவிரலில் அளப்பார்கள்.

ஸ்டென்ட், ஆபரேஷன் என்று இப்போதே பயப்படாதே. மச்சினனுக்குக் கொழுப்பு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, அப்புறம் நடை. உன்னைப்போல் வலிக்கிறவர்களுக்கும் நடைதான் வைத்தியம்: வலி வரும்வரை நடந்து, நின்று, அடங்கியதும் மறுபடி நடப்பது. சில மாதத்தில் தூரம் கூடும். ஆனால் டாக்டர் சொன்ன இன்னொன்றுதான் என்னை உலுக்கியது. காலில் படிந்தது இதயத்திலும் மூளையிலும் படிந்திருக்கலாம். இந்த நோயாளிகள் பலருக்குக் காலைவிட மாரடைப்பும் பக்கவாதமும்தான் எமனாம்.

ஆகவே, இந்த வாரமே போ. "கணுக்கால் பிரஷர் பாருங்க" என்று வாய்விட்டுக் கேள். எண் என்னவென்று எனக்குப் போன் செய். அந்தக் கடைசி சிகரெட்டையும் விட்டுத் தொலை. சரஸ்வதி உங்கள் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய் கேட்கிறாள், யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
மணி