லே நகரில் இருக்கும் நண்பனுக்கு

கிருஷ்ணகிரி,
மார்கழி 14

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. மகன் வீட்டில் நலமாக இருக்கிறாய் என்பதையும், பேத்தி உன்னை மறக்காமல் ஓடி வந்து கட்டிக்கொண்டாள் என்பதையும் படித்து மகிழ்ந்தேன். ஆனால் லடாக்கின் பாங்கோங் ஏரிக்கரையில் முப்பது படம் எடுப்பதற்குள் கேமரா நின்றுவிட்டது என்றும், ஊர் திரும்பியதும் அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். அவசரப்படாதே. நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். கேமராவில் பழுது எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

பேட்டரி தீரவில்லை, குளிரில் அடங்கிப்போயிருக்கிறது. லித்தியம் அயனி பேட்டரிக்குள் குளிர் ஏற ஏற அயனிகளின் ஓட்டம் மந்தமாகி, உள்தடை கூடி, மின்னழுத்தம் சரிகிறது. அந்தச் சரிவைக் கண்ட கேமரா மின்சாரமே தீர்ந்துவிட்டதாகக் கணக்கிட்டுத் தன்னை அணைத்துக்கொள்கிறது. அறைக்கு வந்து மறுபடி போட்டுப் பார்த்தபோது பாதிக்கு மேல் இருப்பு காட்டியதாக நீயே எழுதியிருக்கிறாயே, அதுவே போதிய சாட்சி. பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இயங்கும் என்றுதான் போட்டிருப்பார்கள். நீயோ 4,200 மீட்டருக்கு மேல், உறைந்த ஏரியின் விளிம்பில் நின்றிருக்கிறாய். கல்லூரி நாளில் நாம் மாற்றி மாற்றி வைத்திருந்த ஃபிலிம் கேமராவின் ஷட்டர் வில்விசையில் ஓடியது. ஒளியை அளக்கும் மீட்டருக்கு மட்டுமே பேட்டரி தேவைப்பட்டது. அதனால்தான் இந்தத் தொல்லை நமக்குப் புதிதாகத் தெரிகிறது.

இன்னொரு பேட்டரி வாங்கி, அதைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூடு படும்படி வைத்துக்கொள். கேமராவில் இருப்பது சோர்ந்ததும் இரண்டையும் மாற்றிப் போடு. சோர்ந்தது உன் நெஞ்சுச் சூட்டில் மீண்டும் உயிர் பெறும். எடுத்த படத்தைத் திரையில் அடிக்கடி பார்க்காதே, வைஃபையையும் அணைத்து வை. சில்லிட்ட பேட்டரியை உடனே சார்ஜில் போடவே கூடாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, அதன் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். திரையில் உருவம் இழுத்து இழுத்து நகர்ந்தது என்றாயே, அது திரவப் படிகம் குளிரில் கெட்டிப்படுவதால் வருவது. சூடு வந்தால் சரியாகிவிடும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது நீ போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான்: வீட்டுக்குள் வந்ததும் லென்ஸ் வெண்மையாகிவிட்டது, துண்டால் துடைத்தேன் என்கிறாய். ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பு வெளியே வியர்ப்பதைப் போல, குளிர்ந்த கேமரா அறையின் வெதுவெதுப்பான காற்றிலிருக்கும் ஈரத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் அப்படியே படிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடியலில் தளி ஏரிப் பக்கம் பனிமூட்டத்தைப் படமெடுத்துவிட்டு, நேரே டீக்கடைக்குள் நுழைந்து அடுப்பருகே உட்கார்ந்தேன். நொடியில் லென்ஸ் முழுவதும் வெண்மையானது. நானும் துடைத்தேன், பையில் போட்டு மூடினேன், ஆவணி வரை அதைத் திறக்கவே இல்லை. திறந்தபோது லென்ஸின் உள்ளே சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. நான் மிகவும் நேசித்த லென்ஸ் அது. சுத்தம் செய்தும் பழைய தெளிவு திரும்பவில்லை.

ஆகவே வெளியே நிற்கும்போதே படங்கள் பதியும் மெமரி கார்டையும் பேட்டரியையும் கழற்றிக்கொள், அப்போதுதான் படங்களை உடனே பார்க்கும் ஆசையில் பையைத் திறக்க மாட்டாய். கேமராவை நல்ல பிளாஸ்டிக் பையில் இட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இறுக்கி மூடியபின் உள்ளே கொண்டு வா. ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும். கேமரா அறையின் சூட்டுக்கு வர இரண்டு மணி நேரமாவது ஆகும், அதுவரை தொடாதே. முன்பே படிந்த ஈரத்துக்குச் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் ஓரிரு நாள் வைத்தால் போதும். ஹீட்டர் முன் நீட்டிக் காயவைக்காதே.

பனி சாம்பல் நிறமாக விழுந்தது என்ற குறைக்கும் குளிருக்கும் தொடர்பில்லை. கேமராவின் ஒளி மீட்டர் எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பலாகவே எண்ணி அளக்கும். ஒளியை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) கூட்டி எடு, பனி வெளுக்கும்.

திரும்பி வரும்போது உதிரிப் பேட்டரிகளைக் கைப்பையில் வைத்துக்கொள், செக்-இன் பெட்டியில் போட விமானத்தில் அனுமதி இல்லை. இங்கே மாமரங்கள் பூக்கத் தொடங்கிவிட்டன. நீ வந்ததும் தளிக்கு ஒரு விடியற்காலை போவோம்; பிளாஸ்டிக் பை நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்