அர்கா சஹானுக்குத் துணைமரம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் வேளாண் பக்கத்தில் அர்கா சஹான் சீத்தாவின் பெரிய பழத்தையும் குறைந்த விதையையும் புகழ்ந்திருந்தீர்கள். புகழ வேண்டிய ரகம்தான். ஆனால் தோப்பு முழுக்க அதை மட்டும் நட்டால் பூத்துக் கொட்டுமே தவிர, காய் சரியாகப் பிடிக்காது என்பதை விட்டுவிட்டீர்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் மானாவாரியில் சீத்தா வைத்திருப்பவன் என்ற முறையில் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சீத்தாப்பூவில் பெண் பகுதி முந்திக்கொள்ளும். இதழ் பாதி விரிந்திருக்கையில் சூல்முடி பளபளப்பும் பிசுபிசுப்புமாக இருக்கும். மகரந்தம் ஒட்டுவது அப்போதுதான். அதே பூ நன்றாக விரிந்து மகரந்தம் உதிர்க்கும்போது சூல்முடி காய்ந்துபோயிருக்கும். வேறு பூவிலிருந்து மகரந்தம் வந்தாக வேண்டும். அதைக் கொண்டுவருவது தேனீ இல்லை, பூவுக்குள் புகும் பொடி வண்டு. எங்கள் கரிசல் வெயிலில் அந்தப் பிசுபிசுப்பும் சீக்கிரம் வறண்டுவிடுகிறது. கோடையில் வரும் பூ பெரும்பாலும் உதிர்வதும், மழை விழுந்தபின் வரும் பூ நிற்பதும் இதனால்தான்.

அர்கா சஹானை உருவாக்கிய பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமே, பாலாநகர் ரகம் அல்லது நாட்டுச் சீத்தாவின் மகரந்தத்தை இதற்குக் கையால் தொட்டு வைக்கச் சொல்கிறது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. காலையில் நன்கு விரிந்த நாட்டுச் சீத்தாப் பூக்களைக் காகிதத்தில் தட்டி, மெல்லிய பிரஷ்ஷால் எடுத்து, அர்கா சஹானின் பாதி விரிந்த பூவுக்குள் சுற்றித் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் பழம் கோணலாக வரும். பழத்தின் மேல் தெரியும் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே மகரந்தம் கேட்கும். எங்கள் ஊரில் இந்த வேலையைப் பெண்கள்தான் நேர்த்தியாகச் செய்கிறார்கள். ஆண்களுக்குப் பொறுமை போதவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

இந்த விவரம் கன்று விற்கும் இடத்தில் கிடைப்பதில்லை. காய்க்கவில்லை என்று போய் நின்றால் ஒரு டானிக் பாட்டிலைக் கையில் கொடுக்கிறார்கள். மகரந்தம் சேராத பூவுக்குச் சத்து தெளித்து என்ன பயன்? பூக்கும் நேரத்தில் பூச்சிமருந்தும் அடித்தால் இருக்கிற வண்டும் போய்விடும்.

தோட்டக்கலைத் துறையினர் மானியத்தில் அர்கா சஹான் கன்று தரும்போது, கூடவே சில பாலாநகர் கன்றுகளையும் சேர்த்துத் தர வேண்டும். பூப் பருவம் தொடங்கும் முன் கிராமத்துக்கே வந்து பிரஷ் பிடிக்கக் கற்றுத்தர வேண்டும். ஏற்கெனவே தனி ரகமாக நட்டவர்கள் மரத்தை வெட்ட வேண்டாம்; வேலியோரம் நாட்டுச் சீத்தா இருந்தாலே மகரந்தத்துக்குப் போதும்.

இப்படிக்கு,
சீத்தா விவசாயி ஒருவர்,
அருப்புக்கோட்டை வட்டம்.