அலைன்மென்ட் பார்க்காமல் ஒப்படைத்த மோட்டார்ஹோம்: முன் டயர்கள் தேய்ந்தது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: முன்சக்கர அலைன்மென்ட் குறைபாடு, முன் டயர்களின் தேய்மானம், மறுக்கப்பட்ட வாரண்டி தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்திடம் புதிதாக வாங்கிய மோட்டார்ஹோமின் (உள்ளேயே தங்கும் வசதிகள் கொண்ட வண்டி) முன் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் மொட்டையாகிவிட்டன. வண்டி இன்னும் 14,000 கி.மீ. தாண்டவில்லை. டயரின் நடுவிலும் வெளிப்பக்கத்திலும் பட்டன் (சாலையில் படும் ரப்பர் கட்டைகள்) 10 மி.மீ. ஆழத்துக்குக் குறையாமல் இருக்கிறது. உள்விளிம்பை ஒட்டிய பள்ளத்தில் 3 மி.மீ. கூட இல்லை. இதை உங்கள் சர்வீஸ் பிரிவுக்குப் படங்களோடு அனுப்பியபோது, "டயர் தேயும் பொருள், வாரண்டியில் வராது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. டயர் தேயும் பொருள்தான், ஆனால் இப்படித் தேயும் பொருள் அல்ல. வண்டியைக் கட்டி முடித்த பிறகு, அதன் முழு எடையில் நிறுத்தி அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்) பார்க்காமலேயே என்னிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். என் புகார் அதைப் பற்றியது. டயர்கள் அதன் விளைவு.

சாவி கைக்கு வந்த நாள் முதலே வண்டி நேராக ஓடவில்லை. நேர்ச்சாலையில் போகும்போதும் ஸ்டியரிங் சற்றுக் கோணலாகவே நின்றது. கொஞ்சம் காற்று அடித்தாலும், ஒரு லாரி கடந்து போனாலும் வண்டி அலைபாய்ந்தது. விடாமல் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. முதல் சர்வீஸிலேயே இதை எழுத்தில் கொடுத்தேன். "பெரிய வண்டி, அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்" என்றார்கள். வற்புறுத்திய பிறகு வண்டியை உள்ளே எடுத்துப் போய், ஜாப் கார்டில் "டோ சரிசெய்யப்பட்டது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. முன்னால் என்ன அளவு இருந்தது, பிறகு என்ன அளவு வைத்தார்கள் என்ற பிரின்ட் அவுட் கேட்டேன். கிடைக்கவில்லை. அன்று தண்ணீர்த் தொட்டி காலி, பொருட்கள் எதுவும் இல்லை, டயர்களில் எவ்வளவு காற்று என்றும் யாரும் பார்க்கவில்லை. அந்த நிலையில் வைத்த டோ, நான் ஓட்டும் வண்டிக்குப் பொருந்தும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

மோட்டார்ஹோம் எப்படி உருவாகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சேஸிஸ் ஓரிடத்தில் தயாராகிறது. வெறும் சட்டம், எஞ்சின், ஆக்சில்கள், சக்கரங்கள் மட்டும் இருக்கும் நிலையில் அங்கே அலைன்மென்ட் வைத்து அனுப்புகிறார்கள். அதன்மேல் தரை, சுவர், கூரை, சமையல் மேடை, குளியலறை, ஜெனரேட்டர், பேட்டரிகள், தொட்டிகள், பக்கவாட்டில் வெளியே நீளும் அறை என எல்லாவற்றையும் ஏற்றுவது நீங்கள். டன் கணக்கில் எடை ஏறும்போது ஸ்பிரிங் அமர்கிறது, முன் ஆக்சில் சற்று வளைகிறது, டோ மாறுகிறது. பின்பக்கம் அமர்வதையும் முன்பக்கம் அமர்வதையும் பொறுத்துக் காஸ்டரும் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) மாறுகிறது. காஸ்டர் போதாவிட்டால் திருப்பத்துக்குப் பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது, நேர்ச்சாலையில் வண்டி அலையும். அதனால்தான் வண்டியின் உடல், அதாவது சேஸிஸின் மேல் ஏறும் பகுதி, கட்டி முடிந்து, வழக்கமாக ஏற்றும் பொருட்களும் ஏறிய பிறகு அலைன்மென்டை மறுபடி பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த விஷயம். வெறும் சட்டத்துக்கு வைத்த அளவு சேஸிஸோடு வந்தது என்பதற்காக, முழு வண்டிக்கும் அதுவே போதும் என்று விட்டுவிட முடியாது.

உங்கள் பதிலை நம்பிக் காத்திராமல், கனரக வாகனங்களுக்கு அலைன்மென்ட் செய்யும் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, டீசல் நிரப்பி, பயணத்துக்கு ஏற்றும் பொருட்களோடு நிறுத்தினேன். அவர்கள் முதலில் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போட்டார்கள். முன் இடது சக்கரத்தில் 1,620 கிலோ, முன் வலது சக்கரத்தில் 1,980 கிலோ. ஒரே ஆக்சிலின் இரண்டு பக்கங்களுக்கு இடையே 360 கிலோ வித்தியாசம். எந்தப் பொருளை எந்தப் பக்கம் வைப்பது என்று நான் தீர்மானித்து வந்த வித்தியாசம் அல்ல இது. தண்ணீர்த் தொட்டி, பேட்டரிகள், ஜெனரேட்டர் மூன்றும் வலப்பக்கம் இருப்பது உங்கள் வரைபடம். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ; 200 லிட்டர் தொட்டி நிரம்பினால் 200 கிலோ. இதை ஒப்படைப்பதற்கு முன் எடை போட்டுப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அப்புறம்தான் அலைன்மென்ட் அளந்தார்கள். கேம்பர் (முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகங்களான கிங் பின், டை ராட் முனைகள், வீல் பேரிங் எதிலும் ஆட்டம் இல்லை. டோ மட்டும் மிக மோசம்: முன்சக்கரங்கள் சற்று உள்நோக்கி நிற்க வேண்டிய இடத்தில் இரண்டும் ஒவ்வொன்றும் 0.3 டிகிரி வெளிநோக்கித் திரும்பியிருந்தன. கேட்பதற்குச் சின்ன எண்ணாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.3 டிகிரி விலகிய சக்கரம், வண்டி ஒரு கிலோமீட்டர் முன்னால் போகும்போது 5 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 1,000 கி.மீ. ஓடினால் 5 கி.மீ. தூரம் அந்த டயரைச் சாலையில் குறுக்காக இழுத்ததற்குச் சமம், அதுவும் கிட்டத்தட்ட இரண்டு டன் எடையை ஏற்றிக்கொண்டு. உள்விளிம்பு மொட்டையானதில் என்ன ஆச்சரியம்?

பின் ஆக்சிலும் வண்டியின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இல்லை என்று அதே அறிக்கை சொல்கிறது. பின்சக்கரங்கள் வண்டியைச் சற்றே ஒரு பக்கமாகத் தள்ளுவதால், அதை ஈடுகட்ட ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. முதல் நாளிலிருந்து நான் சொன்ன கோணலான ஸ்டியரிங்குக்கு இதுவும் ஒரு காரணம். முன்பக்கத்தை மட்டும் அளந்தால் இது தெரியவே தெரியாது. உங்கள் சர்வீஸில் முன்பக்கத்தையாவது ஒழுங்காக அளந்தார்களா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

டயரைத் தொட்டுப் பார்த்தாலே இது புரிந்திருக்கும். முன் டயரின் மேல் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கம் நோக்கிக் கையை இழுத்தால் பட்டன்களின் விளிம்பு கூர்மையாக உறுத்துகிறது. உள்ளிருந்து வெளியே தடவினால் வழுவழுப்பாகப் போகிறது. சக்கரம் வெளிநோக்கித் திரும்பி ஓடியதன் அடையாளம் இது, டயர் வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். காற்று குறைவாக இருந்தால் இரண்டு விளிம்பும் தேய்ந்திருக்கும்; அதிகமாக இருந்தால் நடுப்பகுதி தேய்ந்திருக்கும். என் டயர்களில் இரண்டுமே இல்லை. ஆனாலும் உங்கள் பிரதிநிதி வண்டியைப் பார்க்காமலேயே தொலைபேசியில் "காற்று சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள்" என்றார். ஒவ்வொரு பயணத்துக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து குறித்து வைத்த பட்டியல் என்னிடம் இருக்கிறது. டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையைப் பார்த்து, கனமான பக்கத்துக்கு வேண்டிய அழுத்தத்தையே இரண்டு பக்கமும் வைத்திருக்கிறேன். அந்தப் பட்டியலையும் இணைத்துள்ளேன்.

இன்னொருவர் நான் எங்கோ கல்லில் மோதியிருக்க வேண்டும் என்றார். மோதியிருந்தால் ஒரு பக்கத்தில் ரிம் அடிபட்டிருக்கும், டயரின் பக்கச்சுவரில் காயம் இருக்கும், டை ராட் வளைந்திருக்கும். இவற்றில் எதுவும் இல்லை என்று ஒர்க்‌ஷாப் அறிக்கை எழுத்தில் சொல்கிறது. இரண்டு டயர்களும் ஒரே விதமாக, உள்விளிம்பில் தேய்ந்திருக்கின்றன. மோதல் இப்படி இரண்டு பக்கமும் சமமாகத் தேய்க்காது.

இதற்கிடையில் நான் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் அனுப்பப்பட்டேன். டயர் நிறுவனம் அலைன்மென்டைப் பாருங்கள் என்றது, அது நியாயமான பதில். சேஸிஸ் நிறுவனம், உடல் கட்டிய பிறகு அலைன்மென்ட் உடல் கட்டியவர் பொறுப்பு என்றது. நீங்கள் மறுபடி என்னை டயர் நிறுவனத்திடம் அனுப்பினீர்கள். வண்டியை வாங்கியது உங்களிடம். விலைச்சீட்டில் இருப்பது உங்கள் பெயர். மூன்று நிறுவனங்களுக்கு நடுவே பொறுப்பை யார் எடுப்பது என்பதை உங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது உங்கள் வேலை, வாடிக்கையாளரின் வேலை அல்ல.

டயர் தேய்வது இயல்பு என்று திரும்பத் திரும்பச் சொல்வதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மோட்டார்ஹோம் டயர்கள் பெரும்பாலும் பட்டன் தேய்ந்து மாற்றப்படுவதில்லை. இந்த வண்டிகள் ஆண்டில் பல மாதங்கள் நின்றே கிடப்பதால், பட்டன் மீதம் இருக்கும்போதே ரப்பர் வயதாகி, பக்கச்சுவரில் வெடிப்பு விட்டு மாற்ற வேண்டி வரும். மிஷ்லின் நிறுவனம்கூட 5 ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் நிபுணரிடம் காட்டச் சொல்கிறது. தயாரித்து 10 ஆண்டுகள் ஆகிவிட்டால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றச் சொல்கிறது. அப்படிப்பட்ட டயர், வயதாவதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு பக்கம் மட்டும் மொட்டையாவது இயல்பு என்று சொல்வதை எந்தப் பொறியாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். வாரமும் ஆண்டும் அதில் தெரியும். டயர் பழையது அல்ல.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். பின் ஆக்சிலில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர்கள். ஒன்று வெடித்தாலும் மற்றது தாங்க வாய்ப்பு உண்டு. முன் ஆக்சிலில் ஒரு பக்கத்துக்கு ஒரே டயர். அது நெடுஞ்சாலையில் வெடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும், ஸ்டியரிங்கைப் பிடித்து நிறுத்துவதே பெரும்பாடு. அந்த வண்டிக்குள் என் குடும்பம் இருக்கிறது. உள்விளிம்பு தேய்ந்திருப்பது வெளியே நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்தை முழுக்கத் திருப்பி, குனிந்து, விளக்கு அடித்துப் பார்த்தால்தான் தெரியும். எத்தனை பேர் அப்படிப் பார்க்கிறார்கள்? இதே மாடலை வாங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொட்டியும் பேட்டரியும் அவர்கள் வண்டியிலும் அதே பக்கம்தான். அவர்களுக்கு நீங்கள் தகவல் சொல்லியிருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

எனக்கு வேண்டியது இதுதான். வண்டியை வழக்கமான பயணச் சுமையோடு நிறுத்தி, சஸ்பென்ஷன் உயரத்தை முதலில் சரிபார்த்து, முன்னும் பின்னும் எல்லா ஆக்சில்களுக்கும் முழு அலைன்மென்ட் உங்கள் செலவில் செய்துதர வேண்டும். காஸ்டர் குறைவாக இருந்தால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையில் ஆப்பு வைத்துச் சரிசெய்ய வேண்டும். "பெரிய வண்டி அப்படித்தான்" என்ற பதில் இனி வேண்டாம். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் பிரின்ட் அவுட் என் கையில் கிடைக்க வேண்டும். இரண்டு முன் டயர்களையும் ஒரே வகையில், ஒரே அளவில், புதிதாக மாற்றித் தர வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவதை ஏற்க மாட்டேன். வெளி ஒர்க்‌ஷாப்புக்கு நான் கொடுத்த எடை, அளவீட்டுக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். அலைன்மென்டுக்கான வாரண்டி, வேலை முடிந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். தவறான அளவில் ஓடிய காலத்தை என் கணக்கில் கழிக்கக் கூடாது. வலப்பக்கம் ஏறியிருக்கும் கூடுதல் எடை அந்த ஆக்சிலுக்கும் டயருக்கும் அனுமதிக்கப்பட்ட சுமைக்குள் இருக்கிறதா என்பதை உங்கள் பொறியாளர் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்.

வேலையை வேண்டுமானால் உங்கள் சர்வீஸ் மையத்திலேயே செய்யுங்கள். ஆனால் அங்கே கனரக வாகனத்துக்கான அலைன்மென்ட் கருவி இல்லை என்றால், இருக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோகும் ஏற்பாட்டையும் நீங்களே செய்யுங்கள். இந்த டயர்களோடு நான் வண்டியை ஓட்டி வரத் தயாராக இல்லை. இப்போது வண்டி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

கழற்றிய டயர்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் என் முன்னிலையில் அளந்து, படம் எடுத்து, ரசீது கொடுத்த பிறகே தருவேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். தொலைபேசியில் சொல்வதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் இதே ஆவணங்களோடு முறையிடுவேன்.

இணைப்பு: சக்கர வாரியான எடைச் சீட்டு, அலைன்மென்ட் அளவீட்டு அறிக்கை, டயர்களின் படங்கள், காற்றழுத்தக் குறிப்புகள், முதல் சர்வீஸ் ஜாப் கார்டின் நகல், உங்கள் மறுப்புக் கடிதத்தின் நகல்.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்