இஞ்சி டொபி பிஸ்கட்: தோஹாவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் தம்பியும் நலம். உன் நலம் அறிய ஆவல். கையில் தொலைபேசி இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். நான் அனுப்பும் செய்திகளை நீ பார்த்துவிட்டாய் என்பதற்கான நீலக் குறி ஒவ்வொரு நாளும் விழுகிறது. அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. உனக்கு வேலை மிகுதி என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தோட்டத்தின் மேற்கணக்குப் பிரிவில் இருக்கும் வீட்டுப் பையன் வியாழக்கிழமை இரவு கட்டுநாயக்காவிலிருந்து தோஹாவுக்குப் புறப்படுகிறான். அவனிடம் ஒரு டின் கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தையும் அவனே உன் கையில் தருவான்.

டின்னில் இருப்பது இஞ்சி டொபி போட்ட பிஸ்கட். கடைசியாகப் பேசிய அன்று நீ சொன்னாய் அல்லவா, ஹோட்டலில் விருந்தினர்களுக்கென்று இனிப்பை உடைத்துப் போட்ட குக்கீஸ் செய்கிறார்கள், அறை துப்பரவாக்கியதும் அதைத் தட்டில் வைத்துவிட்டு வருவது உன் வேலை, வைக்கும் போதெல்லாம் நம்முடைய இஞ்சி டொபியைப் போட்டுச் செய்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வாய் என்று. அதற்குப் பிறகு நீ சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. அதைக் கேட்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலையிலேயே ஹட்டனுக்குப் போய் மாவும் மாஜரினும் சிவப்புச் சீனியும் வாங்கி வந்தேன். அன்று தொடங்கி இன்றுவரை ஆறு முறை செய்துவிட்டேன். உன் யோசனை நல்ல யோசனை, மகள். அதைச் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்லுகிறேன்.

முதல் முறை, கடையில் வாங்கிய டொபியை அம்மியில் வைத்து நொறுக்கி மாவோடு பிசைந்தேன். நீ அனுப்பிய பணத்தில் வாங்கிய மின்சார அவன் அடுப்பைப் போட்டவுடன் நம் லயத்து வரிசை வீடுகளில் பாதிக்கு மின்சாரம் நின்றுவிட்டது. எல்லோரும் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் இப்போது அதைப் போடுகிறேன். டொபித் தூள் முழுவதும் உருகி ஓடித் தட்டில் ஒட்டிக்கொண்டது. பிஸ்கட்டை எடுக்கக் கத்தி வேண்டியிருந்தது. ஆகவே டொபியைத் தூளாக்காதே. கடலைப் பருப்பைவிடச் சற்றுப் பெரிய துண்டுகளாக உடைத்து, உருட்டிய மாவின் நடுவில் வைத்து, வெளியே தெரியாதபடி மூடிவிட வேண்டும். தட்டில் எண்ணெய்த்தாள் விரிக்க மறக்காதே. உருட்டிய மாவை ஒரு மணி நேரமாவது குளிரில் வைத்துவிட்டுச் சூட்டில் வைத்தால் அது பரவுமுன் ஓரம் இறுகிவிடும்.

கடை டொபி சரிவராது என்று அம்மா இரண்டாம் நாளே சொல்லிவிட்டாள். சிவனொளிபாத மலைக் காலத்தில் நல்லதண்ணிக்குப் போகும் வழியில் பொட்டலம் கட்டி விற்பார்களே, கடித்தால் மூக்கு வரைக்கும் காரம் ஏறும் அந்த டொபியைத்தான் நீ கேட்பாய். அது இப்போது கிடைப்பதில்லை. கிடைப்பதில் இஞ்சியைவிடச் சீனிதான் அதிகம். அதனால் டொபியையும் வீட்டிலேயே காய்ச்சுகிறோம். நானூறு கிராம் சீனிக்கு முக்கால் கோப்பை நீர். நூறு கிராம் இஞ்சியைத் தட்டிப் பிழிந்து, சாற்றைக் கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மா படியும். அதை விட்டுவிட்டு மேலே உள்ள தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். எலுமிச்சஞ்சாறு ஒரு தேக்கரண்டி. அந்தப் புளிப்பு சீனியில் ஒரு பகுதியைப் பிரித்து வைப்பதால்தான் பாகு மீண்டும் சீனியாகப் பூத்துப் போவதில்லை. அம்மா இத்தனை காலமாக ஏன் அதை விடுகிறாள் என்பது எனக்கு இப்போதுதான் விளங்கியது. பாகு கொதிக்கத் தொடங்கிய பிறகு அகப்பையை உள்ளே விடாதே.

தம்பி கண்டியிலிருந்து ஒரு வெப்பமானி வாங்கி வந்து கொடுத்தான். டொபி கல்லாக இறுகுவதற்கு 149 பாகை செல்சியஸ் வரவேண்டும் என்பது கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு கடல் மட்டத்தில் இருப்பவர்களுக்கு உரியது. ஹட்டன் ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும், பாகும் நான்கு பாகை முன்னதாகவே பதத்துக்கு வந்துவிடும். நான் 149 வரட்டும் என்று காத்திருந்து ஒரு தாச்சி பாகைக் கருக்கிவிட்டேன். தோஹா கடலோரம் என்பதால் நீ 149 வரை போகலாம். அப்பச்சோடாவும் அப்படியே. இருநூற்றைம்பது கிராம் மாவுக்கு இங்கே கால் தேக்கரண்டி போதும், கூடினால் பொங்கி நடுவில் அமுங்கிவிடுகிறது. உனக்கு அரைத் தேக்கரண்டி வேண்டும். மாஜரின் நூற்றிருபத்தைந்து கிராம், சிவப்புச் சீனி நூறு கிராம், முட்டை ஒன்று, காய்ந்த இஞ்சித் தூள் இரண்டு தேக்கரண்டி. 180 பாகையில் பன்னிரண்டு நிமிடம். எடுத்தவுடன் தொடாதே, தட்டிலேயே ஆற விடு.

அம்மா வெப்பமானியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஒரு கிண்ணத்தில் மலை ஊற்றுப் பீலித் தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு, அகப்பைக் காம்பின் நுனியால் பாகில் ஒரு சொட்டு எடுத்து அதில் விடுகிறாள். முதலில் அது கரைந்து போகிறது; பிறகு உருட்டுப் பதம்; பிறகு நூலாக நீண்டு வளைகிறது. கடைசியில் ஒரு சொட்டை எடுத்துக் காதருகே வைத்து விரலால் ஒடிக்கிறாள். கொழுந்துக் கறை ஏறிய அந்த விரல்களுக்கு நடுவில் அது சிலேட்டுக் குச்சி முறிவதுபோலச் சத்தம் போட்டு முறிந்தால், "இறக்குங்கள்" என்கிறாள். சீனி வருத்தம் வந்த பிறகு அவள் ஒரு துண்டைக்கூட வாயில் வைப்பதில்லை. இருந்தாலும் அவள் இறக்கச் சொன்னது ஒரு முறையும் பிசகவில்லை. உன்னிடம் வெப்பமானி இல்லாவிட்டால் அம்மாவின் முறையையே பின்பற்று; அது மலையிலும் கடலோரத்திலும் ஒன்றுதான்.

நீ இப்போது இருக்கும் அறையில் அவன் அடுப்பு இருக்கிறதா? அதே அறைதானா, வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்களா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. உன்னோடு போன பிள்ளையின் தாயைச் சந்தையில் பார்த்தேன். அவர் ஏதோ சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவன் அடுப்பு இல்லாவிட்டால் நாம் முன்பு செய்தபடி கனமான பாத்திரத்தில் மணல் பரப்பி மூடி வைத்தும் சுடலாம். இரவில் வெறும் வயிற்றோடு படுக்காதே. மாதச் சம்பளம் முழுவதையும் இங்கே அனுப்ப வேண்டாம், உன் கையில் கொஞ்சம் வைத்துக்கொள். டொபித் துண்டு மாவுக்கு வெளியே தெரியக்கூடாது, அதை மறந்துவிடாதே.

நம் லயத்துப் பிள்ளைகளுக்கு ஐந்தாவது முறை செய்ததைக் கொடுத்தேன். பிஸ்கட்டின் ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் டொபி கசிந்து, கண்ணாடித் துளிபோலப் பழுப்பாக உறைந்திருந்தது. ஒரு சிறுவன் அந்தத் துளியை மட்டும் முதலில் கடித்து எடுத்துவிட்டு, பிஸ்கட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினான். நீயும் அப்படித்தான் செய்திருப்பாய். இது உன் மகள் சொல்லித் தந்த பலகாரமா என்று இஸ்தோப்புத் திண்ணையில் இருந்தவர்கள் கேட்டார்கள். ஆம் என்று சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதேவேளை, இவ்வளவு தெரிந்த பிள்ளை பெற்றோருக்கு ஒரு வார்த்தை பேச நேரமில்லாமல் இருக்கிறாளே என்ற வருத்தமும் இருந்தது. திருவிழாவன்று நீ அழைப்பாய் என்று அம்மா தேர் பார்க்கவும் போகாமல் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். இதை உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை.

குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் இவ்வளவு எழுதிவிட்டேன்.

அன்று நீ கடைசியாகச் சொன்னது இது. கேக் செய்யும் பிரிவுக்கு மாற்றித் தரும்படி கேட்டதாகவும், சான்றிதழ் இருக்கிறதா என்று அவர்கள் கேட்டதாகவும், இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனதாகவும் சொன்னாய். "அன்றைக்கு அந்தக் கடிதம் மட்டும் வந்திருந்தால், அப்பா" என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. தொடர்பு சரியில்லை என்று சொல்லித் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கடிதம் வந்தது. 2017 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், நான் பள்ளிக்கூடத்திலிருந்து இறங்கி வரும்போது, தோட்ட ஆபீஸ் வாசலில் வைத்துக் கிளாக்கர் ஐயா என்னிடமே அதைக் கொடுத்தார். லயத்துக் காம்பராக்களுக்கு முகவரி இல்லை, கடிதங்கள் எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும், தாமதமாகும், தவறும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் கதைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். வெதுப்பகப் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்புக்கு வரச் சொல்லி எழுதியிருந்தார்கள். வழியிலேயே பிரித்துப் படித்தேன். நீ பத்தனைக் கல்வியியற் கல்லூரிக்குப் போய் ஆசிரியையாக வர வேண்டும் என்று நான் எண்ணியிருந்தேன். வாத்தியாரின் மகள் பாண் போறணைக்கு முன்னால் நிற்பதா என்று நினைத்தேன். கொழும்பில் தனியாக இருக்கப்போகிறாளே என்ற பயமும் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெருமைதான் என்னைத் தடுத்தது, அதை இப்போது மறைத்துப் பயன் இல்லை. கடிதத்தை அலுமாரியில் என் பழைய பாடக்குறிப்புகளுக்குள் வைத்துவிட்டேன்.

நீ கடிதத்தைத் தேடி ஆபீசுக்குப் போய் அழுது சண்டை போட்ட அன்று நானும் உன்னோடு வந்தேன். கிளாக்கர் ஐயா என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "எங்கேயோ தவறிப் போயிருக்கும் பிள்ளை, மன்னித்துக்கொள்" என்று உன்னிடம் சொன்னார். என் மானத்தைக் காப்பதற்காக அவர் அந்தப் பழியை ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் இருக்கும் பக்கமாக நான் நடப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு இதுவரை தெரியாது.

ஓய்வுபெற்று இப்போது அவர் டிக்கோயாவில் மகன் வீட்டில் இருக்கிறார். போன சனிக்கிழமை ஆறாவது முறை சுட்ட பிஸ்கட்டில் ஒரு பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். ஒன்றை எடுத்து மெதுவாகக் கடித்துச் சாப்பிட்டுவிட்டு, "பிள்ளைக்குச் சொல்லிவிட்டீர்களா, மாஸ்டர்?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆகவே சொல்லிவிட்டேன். நீ இனி என்னோடு பேசாவிட்டாலும் அம்மாவோடு பேசு. அவளுக்கும் நானே சொல்லுவேன், இந்த டின் உன் கைக்கு வருவதற்கு முன் சொல்லியிருப்பேன். வகுப்புக்குப் போகாமலே, செய்துகாட்டும் திறமையையும் முன்னனுபவத்தையும் மதிப்பிட்டு என்.வி.கியூ. என்னும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் ஒரு முறை இங்கே இருக்கிறது. நீ விரும்பினால் விண்ணப்பத்தை எடுத்து வைக்கிறேன். விரும்பாவிட்டால் அதைப் பற்றி மறுபடியும் பேசமாட்டேன்.

அந்தப் பழைய கடிதத்தை டின்னின் அடியில், எண்ணெய்த்தாளுக்குக் கீழே வைத்திருக்கிறேன். அது உன்னுடையது. அதன் மேல் எண்ணெய் படாதபடி இரண்டு மடிப்புத் தாள் விரித்திருக்கிறேன். பிஸ்கட் முப்பத்திரண்டு இருக்கிறது. ஈரத்தை இழுக்காதிருக்க ஒரு துணியில் வறுத்த அரிசி முடிந்து ஓரத்தில் வைத்திருக்கிறாள் அம்மா. இங்கே மழையும் மூடுபனியுமாக இருப்பதால் டொபி ஒரே நாளில் பிசுபிசுத்துவிடுகிறது. டின்னைத் திறந்தால் உடனே மூடிவிடு. பயணத்தில் நமுத்துப் போயிருந்தால் 150 பாகையில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, நன்றாக ஆறிய பிறகு சாப்பிடு. சூடாக இருக்கும்போது நடுவில் உள்ள டொபி நாக்கைச் சுட்டுவிடும்.

இப்படிக்கு,
அப்பா