செய்தி அறையில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உங்கள் சேனலில் இனிமேல் சில செய்திகளை ஏஐ எழுதும், ஏஐ குரலே வாசிக்கும் என்று போனில் சொன்னாய் அல்லவா, அதிலிருந்து மனசு அதையே சுற்றி வருகிறது.

தம்பி என் போனிலும் ஒன்றை ஏற்றிக் கொடுத்திருக்கிறான். தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் சொல்கிறது. டீசல் மானியத்துக்கு ஒரு மனு கேட்டேன். அனுப்புநர், பெறுநர், பொருள், படகுப் பதிவு எண்ணுக்கு இடம் என்று ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட்டது. இதற்கு ஆள் தேடி அலைந்ததெல்லாம் உனக்கும் தெரியும். நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் தென்கடலுக்கு மீன் பிடிக்கப் போகலாமா என்று கேட்டேன். காற்று மிதமாக இருக்கும், போகலாம் என்றது. அன்றைக்குப் பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள், கடலுக்குப் போக டோக்கனும் கொடுக்கவில்லை. கூண்டு ஏற்றியிருக்கிறதே என்றேன். "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி, போக வேண்டாம்" என்று உடனே மாற்றிக்கொண்டது. போகச் சொன்னதும் அதே குரல், போகாதே என்றதும் அதே குரல். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுதிக் குவிந்ததையெல்லாம் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துத்தான் அது பேசுகிறது, தேடிப் பார்க்காவிட்டால் இன்றைய காற்று அதற்குத் தெரியாது என்று தம்பி விளக்கினான். சரி, தெரியாது என்றாவது சொல்லலாமே.

2016-லிருந்து நம்ம பாம்பனில் மீனவர்களுக்கான கடல் ஓசை 90.4 ரேடியோ இருக்கிறது. அதில் பேசுகிறவர்கள் நம்ம கரைப் பிள்ளைகள். வானிலையைத் தப்பாகச் சொன்னால் மறுநாள் மீன் ஏலத்தில் நாலு பேர் நிறுத்திக் கேட்பார்கள். அந்தப் பயம் அவர்களுக்கு உண்டு. அதை நம்பித்தான் நாங்கள் படகை எடுக்கிறோம்.

கிரிக்கெட் ஸ்கோர், தங்கம் விலை எதை வேண்டுமானாலும் ஏஐ வாசிக்கட்டும். இலங்கைக் கடற்படை நம்ம ஆட்களைப் பிடித்தது என்று செய்தி வந்தால், எந்தப் படகு, யார் யார் என்று இங்கே பெண்கள் டிவி முன்னால்தான் நிற்கிறார்கள். ஒரு பெயர் மாறிப்போனால் ஒரு வீட்டில் அன்றைக்கு உலை ஏறாது. அந்தச் செய்தியையும் புயல் செய்தியையும் நீ கண்ணால் பார்க்காமல் விடாதே, தாயி. சந்தேகம் வந்தால் எனக்குப் போன் போடு. ராத்திரி இரண்டு மணியானாலும் எடுப்பேன். ஜெட்டி வரை போய் விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா