ஆலையை நகர்த்தினால் அமிலம் குறையுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பையை அடுத்த டோம்பிவிலியில் எம்.ஐ.டி.சி. (மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம்) பகுதியில் உள்ள ரசாயன ஆலைகள் அனைத்தையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்று வலியுறுத்தி வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். 2016 மே 26 அன்றும் 2024 மே 23 அன்றும் இங்கே நடந்த வெடிப்புகளில் நொறுங்கிய ஜன்னல்களில் எங்கள் வீட்டு ஜன்னலும் உண்டு. இரண்டாம் முறை, மறுநாள் காலையில் கோலம் போடும் இடத்திலிருந்து கண்ணாடித் தூளைக் கூட்டி அள்ளியவர் என் மனைவி. ஆகவே அந்த வாசகரின் அச்சம் எனக்குப் புரியாததல்ல. எனினும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் மும்பைச் சுற்றுவட்டாரத்தின் ரசாயன ஆலைகளில், அதிலும் பெரும்பகுதி நைட்ரோ ஏற்றப் பிரிவில் (கரிமப்பொருளின் மூலக்கூறில், நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த நைட்ரோ தொகுதியை இணைக்கும் வினை அது), ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், பாத்திரத்துக்குள் நடப்பதை மாற்றாமல் பாத்திரத்தை மட்டும் இடம் மாற்றுவதால் என்ன கிடைக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. மேற்சொன்ன இரு விபத்துகளும் நைட்ரோ ஏற்றத்தால் நேர்ந்தவை அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த வினை இது என்பதால் இதைப் பற்றி எழுதுகிறேன்.

காய்ச்சல் வந்தால் நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையிலிருந்தே தொடங்கலாம். அதன் மூலப்பொருளான பாரா அமினோபீனாலைப் பெரும்பாலும் பாரா நைட்ரோகுளோரோபென்சீனிலிருந்து செய்கிறார்கள். அந்த நைட்ரோ சேர்மமோ குளோரோபென்சீனை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில், ஆலை மொழியில் சொன்னால் மிக்ஸ்டு ஆசிட்டில், வினைபுரியச் செய்வதால் கிடைக்கிறது. சாயம், பூச்சிமருந்து, ரப்பர் ரசாயனம் என்று எதைத் தொட்டாலும் எங்கோ ஒரு படியில் இந்த வினை வந்துவிடும். 1834இல் மிட்சர்லிக் என்ற ஜெர்மானியர் பென்சீனிலிருந்து நைட்ரோபென்சீனைச் செய்தார். இரண்டு நூற்றாண்டுகளை நெருங்கிய பின்னும், பெரும்பாலான ஆலைகளில் நடப்பது ஏறத்தாழ அதே அமில வழிதான்.

சமன்பாட்டைப் பார்த்தால் இவ்வினையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 78 கிலோ பென்சீனும் 63 கிலோ நைட்ரிக் அமிலமும் சேர்ந்தால் 123 கிலோ நைட்ரோபென்சீனும் 18 கிலோ தண்ணீரும் கிடைக்கும். உள்ளே போன எடையில் 87 சதவீதம் சரக்காக வெளியே வருகிறது, மீதி வெறும் தண்ணீர். அழுக்கு சேர்வது சமன்பாட்டில் எழுதப்படாத கந்தக அமிலத்தில். நைட்ரிக் அமிலத்திலிருந்து, பென்சீனைத் தாக்கும் துகளான நைட்ரோனியம் அயனியை உருவாக்கித் தருவதும், வினையில் பிறக்கும் தண்ணீரைத் தன்னிடம் இழுத்துக்கொள்வதும் அதன் வேலை. அது செலவாவதில்லை, ஆனால் நீர்த்துப்போகிறது. நீர்த்த பாகில் லட்டு பிடிக்க முடியாதது போல, சுமார் எழுபது சதவீதத்துக்கு இறங்கிய கந்தக அமிலத்தால் அடுத்த தொகுதியை நைட்ரோ ஏற்ற முடியாது. பாகை மறுபடி காய்ச்சலாம். இந்த அமிலத்தையும் காய்ச்சலாம்தான், ஆனால் அதற்கு வேண்டிய வெற்றிடக் கருவிகளும் அரிப்பைத் தாங்கும் உலோகங்களும் சிறு ஆலைக்காரரின் கைக்கு எட்டாதவை. எனவே ஸ்பென்ட் ஆசிட், அதாவது பயன்படுத்தி நீர்த்துப்போன இந்த அமிலம், டேங்கர் ஏறி, உர ஆலைக்கோ வேறெங்கோ போகிறது. முறையாகப் போனால் சரி.

அடுத்தது கழுவு நீர். நைட்ரோபென்சீனை சோடாக் கரைசலால் கழுவும் தொட்டியின் பக்கக் கண்ணாடி வழியே பார்த்திருக்கிறேன்: கீழே வெளிறிய மஞ்சள் எண்ணெய் தெளிந்து நிற்கும், அதன்மேல் நிற்கும் தண்ணீர், சோடா பட்ட சில நொடிகளில் மஞ்சளிலிருந்து ஆரஞ்சாகி, பிறகு வெற்றிலைச் சாற்றின் சிவப்புக்கு மாறிவிடும். பக்கவினையில் பென்சீனின் ஒரு சிறு பகுதி ஆக்சிஜனேற்றமும் அடைந்ததால் உண்டான நைட்ரோபீனால்களின் நிறம் அது. சாக்கடையில் அந்த நிறம் தெரிந்தால் உள்ளே வெப்பநிலை ஏறியிருக்கிறது என்று வாசலிலேயே சொல்லிவிடலாம்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை எனக்குக் கற்றுத்தந்தது ஓர் இரவு. 1991ஆம் ஆண்டு மழைக்காலம். இன்று மூடப்பட்டுவிட்ட ஓர் ஆலை, டொலுவீனுக்கு நைட்ரோ ஏற்றம். நைட்ரேட்டரின், அதாவது வினை நடக்கும் பாத்திரத்தின், கலக்கியை ஓட்டும் பெல்ட் அறுந்துவிட்டது. மோட்டார் சத்தம் நிற்காததால் யாரும் உடனே கவனிக்கவில்லை. அமிலம் சொட்டிக்கொண்டே இருந்தது. இளைஞனான நான் வெப்பமானியைப் பார்த்தேன், முள் இரண்டு டிகிரி இறங்கியிருந்தது; நல்லது என்று நினைத்தேன். உண்மையில் கலக்கல் நின்றதால் வினை நின்றிருந்தது. பாத்திரத்தைச் சுற்றிய வெளியுறையான ஜாக்கெட்டில் ஓடிய குளிர்ந்த உப்புநீர் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கனமான அமிலம் அடியில் படிந்து, மேலே டொலுவீன் மிதந்துகொண்டிருந்தது. புது பெல்ட்டை மாட்டிவிட்டு நான் சுவிட்சுக்குக் கை நீட்டியபோது, திருநெல்வேலிக்காரரான மூத்த ஆபரேட்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, தொடாதீங்க. அடியில எம்புட்டு ஆசிட் கெடக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?” என்றார். அமில வால்வு ஏற்கெனவே அவர் கையால் மூடப்பட்டிருந்தது. விடியும்வரை அடி வால்வைத் திறந்து மூடி, படிந்திருந்த அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினோம். அன்று கலக்கியை ஓட்டியிருந்தால், சில மணி நேரத்தில் பையப்பைய வெளிவர வேண்டிய வெப்பம் சில நிமிடங்களில் வெளிவந்திருக்கும். இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பாதுகாப்பு ஒரு மனிதரின் அனுபவத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஏற்பாடு அது. ஒரே பாத்திரத்தில் ஆயிரக்கணக்கான லிட்டர் வினைப்பொருள் காத்திருப்பதே அதற்குக் காரணம். அதனால்தான், புதிய முறைகளில் எனக்கு முதன்மையாகத் தெரிவது தொடர் ஓட்ட முறை. விரல் பருமனோ அதைவிடச் சிறியதோ ஆன குழாய்களில் அமிலமும் கரிமப்பொருளும் இடைவிடாமல் ஓடியபடியே வினைபுரிகின்றன. எந்த நொடியிலும் உள்ளே இருப்பது மிகச் சிறிய அளவு. அந்த அளவுக்குக் குளிரூட்டும் பரப்போ பன்மடங்கு அதிகம். பம்பு நின்றால் வினையும் நின்றுவிடும். வெப்பநிலை ஓரிரு டிகிரிக்குள் கட்டுப்படுவதால் அந்தச் சிவப்புத் தண்ணீரும் குறைகிறது. புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் இதற்கான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சிக்கல் இல்லாமல் இல்லை: பாரா நைட்ரோகுளோரோபென்சீன் 83 டிகிரியில்தான் உருகும் பொருள் என்பதால், குழாய் சற்றுக் குளிர்ந்தாலும் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆனால் அடைப்பு என்பது பொறியாளர் தீர்க்கக்கூடிய தொல்லை.

பென்சீன் ஒன்றை மட்டும் பெரிய அளவில் நைட்ரோ ஏற்றும் ஆலைகள், வினையின் வெப்பத்தைக் குளிர்வித்து வீணாக்காமல், அதைக் கொண்டே ஸ்பென்ட் ஆசிட்டிலிருந்து நீரை ஆவியாக்கி அமிலத்தைத் திரும்பப் பயன்படுத்தும் முறையை 1970களிலிருந்தே வளர்த்தெடுத்துவிட்டன. மாதத்துக்கொரு சரக்கு மாற்றும் நம் சிறு ஆலைகளுக்கு அது பொருந்தாது.

இனி, தேர்வுத்திறன், அதாவது வேண்டிய வடிவத்தை மட்டும் கூடுதலாகப் பெறும் திறன். டொலுவீனை மிக்ஸ்டு ஆசிட்டில் இட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 58 ஆர்த்தோ வடிவமும் 38 பாரா வடிவமும் நான்கு மெட்டா வடிவமும் வரும்; மெத்தில் தொகுதிக்குப் பக்கத்தில் நைட்ரோ அமர்ந்தால் ஆர்த்தோ, ஓரிடம் தள்ளி அமர்ந்தால் மெட்டா, நேர் எதிரே அமர்ந்தால் பாரா. சந்தை பாராவைக் கேட்கும்போது மற்றவை கிடங்கில் தூங்கும், அல்லது குப்பையாகும். பிரிட்டனைச் சேர்ந்த கீத் ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் 1998இல் காட்டிய வழியில், நுண்துளைகள் கொண்ட கனிமத் தூளான பீட்டா வகை ஜியோலைட்டின் முன்னிலையில் நைட்ரிக் அமிலமும் அசெட்டிக் அன்ஹைட்ரைடும் சேர்ந்தபோது பாரா 79 ஆக உயர்ந்து, ஆர்த்தோ 18 ஆகக் குறைந்தது. ஜியோலைட்டின் துளைகள் ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த அகலமுடையவை. அந்தச் சந்துக்குள் மெத்தில் தொகுதிக்குப் பக்கத்தில் நைட்ரோ வந்து அமர்வதைவிட எதிர்முனையில் அமர்வது எளிது. வினை முடிந்ததும் அந்தத் தூளை வடித்தெடுத்துச் சுட்டு மீண்டும் பயன்படுத்தலாம். கந்தக அமிலத்துக்கு வேலையே இல்லை.

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 92 கிலோ டொலுவீன், 63 கிலோ நைட்ரிக் அமிலம், 102 கிலோ அன்ஹைட்ரைடு, ஆக 257 கிலோ; கிடைப்பது 137 கிலோ. எஞ்சிய 120 கிலோ அசெட்டிக் அமிலத்தை மீட்காவிட்டால், பழைய முறையில் டொலுவீனுக்குக் கிடைக்கும் 88 சதவீதம் இங்கே 53 ஆகிவிடுகிறது. இடையில் உருவாகும் அசெட்டைல் நைட்ரேட் தானே வெடிக்கக்கூடியது. போதாக்குறைக்கு, அசெட்டிக் அன்ஹைட்ரைடு நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட சரக்கு. ஹெராயின் செய்ய உதவும் என்பதால் ஒவ்வொரு லிட்டருக்கும் பதிவேடு எழுத வேண்டும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1997இல் காட்டப்பட்ட இட்டெர்பியம் டிரைஃப்ளேட் வினையூக்கியில் பக்க விளைபொருள் தண்ணீர் மட்டுமே; ஆனால் அங்கே கரைப்பான் டைகுளோரோஈத்தேன், புற்றுநோய் ஐயத்துக்குரிய பொருள். 2019இல் சூரிச்சிலிருந்து வந்த நைட்ரோசாக்கரின் என்ற நைட்ரோ ஏற்றும் பொருள் கண்ணாடிக் குப்பியில் வைத்துக் கையாளும் அளவுக்குச் சாதுவானது. மருந்து ஆய்வகத்துக்கு அது வரப்பிரசாதம், ஆனால் அதைச் செய்யவும் எங்கோ ஒருவர் நைட்ரிக் அமிலத்தைத் தொட்டாக வேண்டும். ‘பசுமை’ என்ற சொல் பட்டியலில் ஒட்டப்பட்டதாலேயே ஒரு முறை தூய்மையாகிவிடாது என்று சொல்ல இவற்றைக் குறிப்பிட்டேனே தவிர, ஆய்வுகளைக் குறைசொல்ல அல்ல. விலையுயர்ந்த, ஒரே வடிவம் தேவைப்படும் சரக்குக்கு ஜியோலைட் வழி இன்றே பொருந்தக்கூடும். டன் கணக்கில் போகும் சரக்குக்குத் தொடர் ஓட்டமும் அமில மீட்பும் முதலில் வரட்டும் என்பது என் கருத்து.

இடமாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் சியாங்ஷுயி என்னுமிடத்தில் 2019 மார்ச் 21 அன்று நடந்த வெடிப்பில் 78 பேர் உயிரிழந்தார்கள். வெடித்தது நைட்ரேட்டர்கூட இல்லை. நீண்ட காலம் குவித்து வைக்கப்பட்டிருந்த நைட்ரோ ஏற்றக் கழிவு தானாகச் சூடேறிப் பற்றிக்கொண்டது. அந்த ஆலை இருந்தது ரசாயனத் தொழிலுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொழிற்பேட்டையில்.

நம் பக்கத்திலேயே உதவி இருக்கிறது. 1933இல் பம்பாய் பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கிய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம், நாம் கோயிலுக்கும் காபிப் பொடிக்கும் போகும் அதே மாட்டுங்காவில்தான் இருக்கிறது. டோம்பிவிலியிலிருந்து ஸ்லோ வண்டி ஏறினால் வண்டி மாறக்கூடத் தேவையில்லை. குளோரோபென்சீனை நைட்ரோ ஏற்றும்போது பாரா வடிவத்தைக் கூட்ட உதவும் திட வினையூக்கிகளைப் பற்றி அங்கே ஆய்வு செய்திருக்கிறார்கள். அந்த ஆய்வகத்துக்கும் நான் வேலை பார்த்த ஆலைகளுக்கும் நடுவில், சிறு ஆலைக்காரர் தன் சரக்கை ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கக்கூடிய பொதுவான தொடர் ஓட்டச் சோதனை நிலையம் ஒன்றை நான் வேலையில் இருந்தவரை கண்டதில்லை. பொதுக் கழிவுநீர் நிலையம் இருப்பது போல, ஸ்பென்ட் ஆசிட்டைக் காய்ச்சித் திருப்பித் தரும் பொது நிலையம் ஒன்றும் வேண்டும். ஆலைகளை நகர்த்த ஒதுக்கப்படும் தொகையில் ஒரு பகுதியை இவ்விரண்டுக்கும் செலவிட வேண்டும் என்பது மாநிலத் தொழில்துறைக்கு என் வேண்டுகோள்.

தங்கள் நிருபர் அடுத்த முறை இடமாற்றம் பற்றி எழுதும்போது, நகரப்போகும் ஒவ்வொரு ஆலையிடமும் நைட்ரேட்டர் எத்தனை லிட்டர், ஸ்பென்ட் ஆசிட் எந்த ஊருக்குப் போகிறது, இரவு இரண்டு மணிக்குக் கலக்கி நின்றால் அமில வால்வை மூடப்போவது யார் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உற்பத்திப் பிரிவு வேதியியலாளர்,
டோம்பிவிலி கிழக்கு, மும்பை வட்டாரம்.